இறால் கடைசியில் வரட்டும்



செடி வளர்க்கும் மீன் தொட்டிகளுக்கு இப்போது நல்ல மவுசு. சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வாங்கப் போகிறவர்கள் நீர்ச்செடியும் செர்ரி இறாலும் வரிபோட்ட நத்தையுமாகச் சேர்த்தே வாங்கி வருகிறார்கள். அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் தொட்டியில் விட்டுவிடத்தான் கை பரபரக்கும். அந்த அவசரத்துக்கு முதலில் பலியாவது இறால்.

செடிக்குத் தயாரான தொட்டி வேறு, இறாலுக்குத் தயாரான தொட்டி வேறு. அடியில் பரப்பும் சத்து மண்ணிலிருந்து முதல் சில வாரங்கள் அம்மோனியா கசியும். செடிக்கு அது உரம். இறாலின் செவுளுக்கு நஞ்சு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் மண்ணிலும் ஃபில்டரிலும் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தண்ணீர் தெளிந்திருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். சோதனை மருந்தைச் சொட்டுவிட்டுப் பார்த்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டிய பிறகும் ஓரிரு வாரம் பொறுங்கள் என்பேன். இலையிலும் கல்லிலும் படிகிற மெல்லிய பாசிப் படலத்தைத்தான் இறால் நாள் முழுக்க மேய்கிறது. புதுத் தொட்டியில் அது ஏது?

இறாலைச் செடித் தொட்டிக்குள் பிரபலமாக்கியவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ. பாசியைத் தின்று தீர்க்கிற வேலையாளாக அதைக் கொண்டுவந்தார். அவர் கொண்டுவந்த இனத்துக்கே இன்று அமானோ இறால் என்றுதான் பெயர். ஆனால் வேலையாள் என்பதற்காகச் சாப்பாடு இல்லாத வீட்டில் விடலாமா?

இனி செடிக்கு வருவோம். நீர்ச்செடிகளில் பலவற்றைப் பண்ணையில் தண்ணீருக்கு மேலேதான் வளர்க்கிறார்கள். பூச்சி வராமலிருக்க மருந்து அடித்திருக்கலாம். பூச்சியும் இறாலும் கணுக்காலி இனம். ஒன்றைக் கொல்வது மற்றதைச் சும்மா விடாது. எனவே புதுச்செடியை நன்றாக அலசி, ஒரு வாளியில் தனியே போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். ஜெல்லிக் குப்பியில் விற்கும் திசு வளர்ப்புச் செடியில் இந்தத் தொல்லை இல்லை. ஜெல்லியைக் கழுவினால் போதும்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொசுவர்த்திச் சுருளிலும் பிளக்கில் செருகும் கொசு மருந்திலும் இருப்பது பெரும்பாலும் பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. இறால் இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்வதே மேல்.

அடுத்த எதிரி செம்பு. இதில் ஒரு வேடிக்கை: இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கலந்த ஹீமோசயனின்தான். ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினாலும் இறால் தாங்காது. நத்தையும் தாங்காது. செடி உரத்தில் இருக்கும் துளியளவு செம்பு, சொன்ன அளவில் ஊற்றினால் கெடுதல் செய்வதில்லை. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் ஊற்றுகிற மருந்துகள் சிலவற்றில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பு இருக்கும். நத்தைக்கொல்லிகளிலும் அப்படியே. லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் வேண்டாம்.

நத்தையின் பாடு அதன் ஓட்டில் இருக்கிறது. செடி செழிக்கக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறோம். தண்ணீரில் அமிலம் ஏறுகிறது. சுண்ணாம்பு குறைந்த தண்ணீரானால் ஓடு வெளுத்து, நுனியில் குழி விழுகிறது. போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்கள் கிளிக்கூண்டில் தொங்கவிடுகிற கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போடலாம். இரவில் செடி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளாது. விளக்கை அணைப்பதற்கு முன்பே அதை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் விடியும்போது இறால்கள் மேல்மட்டத்தில் திணறிக்கொண்டிருக்கும். தொட்டிக்கு மூடியும் ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்சும் அவசியம். நத்தை ஏறி வெளியே விழும். இறால் குஞ்சு உள்ளே இழுபட்டுப் போகும்.

குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கித்தான் ஊற்ற வேண்டும். இறாலைக் கொண்டுவந்ததும் பையோடு கவிழ்க்காதீர்கள். ஒரு கிண்ணத்தில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகட்டும்.

சில நாளில் தரையில் ஓர் இறால் அசையாமல் கிடக்கும். பதறாமல் உற்றுப் பாருங்கள். நிறமில்லாமல், முதுகில் பிளந்து, உள்ளே காலியாக இருந்தால் அது உரித்த சட்டை. மற்ற இறால்களே தாதுச்சத்துக்காக அதைத் தின்றுவிடும், எடுக்காதீர்கள். வேகவைத்ததுபோல் வெளுத்து மங்கியிருந்தால் செத்த இறால். உடனே எடுத்துவிட்டு, அன்றே அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள்.