குடியிருப்பும் பொதுத் திடலும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பு என்னும் பொருள் பற்றி நாம் பேச வேண்டும் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். கல்வியின் சிறப்பை இந்த மேடையில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகிறீர்கள். அதனை உணராதவர் எவரும் இன்று இங்கே அமர்ந்திருக்கமாட்டார். ஆதலின், தலைவர் அவர்களின் இசைவுடன் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அது நம் குடியிருப்பின் நடுவே கிடக்கும் திடலைப் பற்றியது.

வெள்ளி விழாவின் நினைவாக அத்திடலில் கழகத்திற்கு ஒரு மண்டபம் எழுப்ப வேண்டும் என்னும் கருத்து அடுத்த பொதுக்குழுவின் முன் வர இருக்கிறது. முன்மொழிந்தவர்கள் நம் நண்பர்கள், தன்னலம் அறியாதவர்கள். எனினும் அக்கருத்துக்கு நாம் உடன்படவில்லை. விழா நாளில் இதனைப் பேசலாமா என்று இருவர் கேட்டனர். அடித்தளம் தோண்டிய பிறகு பேசிப் பயன் இல்லை. ஆகவே இன்றே பேசுகிறோம்.

1970-ஆம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. மறு ஆண்டில் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியபோதிலும், நம் தாய்மார்களுக்கு இன்றும் அது 'போர்டு'தான். கால்வாய்க் கரையில் தீக்கு அஞ்சியும் வெள்ளத்துக்கு அஞ்சியும் கிடந்த நம் பெற்றோர், வாரியம் கட்டிய மூன்று மாடிப் பிளாக்குகளுக்குக் குடிவந்தனர். அப்போது நாம் ஐந்து வயதுச் சிறுவர். ஓர் அறை, ஒரு சிறு சமையற்கட்டு, வெளியே நீண்ட தாழ்வாரம். ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஓர் அறை எப்படிப் போதுமாயிற்று என்று இன்றைய பிள்ளைகள் வியக்கிறார்கள். அறை போதவில்லை, திடல் இருந்தது, அதனால் போதுமாயிற்று.

கோடையில் ஆண்கள் பாய் விரித்து உறங்கியது அங்கே. தண்ணீர் லாரி வந்து நின்றதும், குடங்கள் வரிசையில் நின்றதும், அந்த வரிசையில் சண்டையும் சமாதானமும் விளைந்ததும் அங்கே. திருமணமென்றால் பந்தலும் கோட்டை அடுப்பும் அங்கே. பொதுத்தேர்வுக் காலத்தில் தெருவிளக்கின் கீழே நாங்கள் பதினோரு பேர் வட்டமாக அமர்ந்து படித்ததும் அங்கேதான். நம் கழகத்தின் இரவுப் பள்ளியும் முதல் ஆண்டில் அந்த விளக்கின் அடியில் நடந்தது என்பதனை இங்கு அமர்ந்துள்ள பெரியோர்கள் அறிவார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், விழா மேடையில் சொல்லத்தக்கதன்று என்று சிலர் நினைக்கலாம். மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்தால் அவ்வுடலை வீட்டினுள் கிடத்தி உற்றார் உறவினர் வந்து காண இயலுமா? படிக்கட்டோ இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய அகலம். நம் தந்தையார் மறைந்த அன்று நான்கு இளைஞர்கள் அவரை நாற்காலியோடு சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தனர். திடலில் பந்தலிட்டுக் கிடத்திய பின்னரே அவர் முகத்தை ஊரார் கண்டனர். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அத்திடலில் கிடத்தப்படாத முதியவர் நம்மில் எவரேனும் உண்டா? மண்டபத்தின் வரைபடத்தைப் பார்த்தோம். மேடை இருக்கிறது, அலுவலக அறை இருக்கிறது, இரும்புக் கதவும் பூட்டும் இருக்கின்றன. இறந்தவரைக் கிடத்த இடம் எதுவென்று கேட்டோம். விடை வரவில்லை.

நம் மக்களின் வரலாற்றில் பொதுவிடம் என்பது காற்று வாங்கும் இடம் மட்டுமன்று. தெருவில் நடக்கவும், கிணற்றில் நீர் இறைக்கவும், சாவடியில் அமரவும் மறுக்கப்பட்டவர்கள் நாம். நம் தாயாரின் ஊருக்குச் சென்றபோது, மேலத்தெரு முனையில் பாட்டியார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதை நம் கண்ணால் கண்டோம். 1924-இல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச்சாலைகளும் கிணறுகளும் குளங்களும் நம் மக்களுக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றுவித்தார். அதற்கு முந்தைய ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே என்பவர் அத்தகைய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதன்படி மகாத் நகராட்சி தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924-இல் அறிவித்தது. ஆனால் ஏட்டில் திறந்த குளத்தில் எவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். அதற்காக நம்மவர்கள் தாக்கப்பட்டனர். குளத்தைத் 'தூய்மை' செய்யச் சடங்கும் நடத்தினர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, 1937-இல்தான் தீர்ப்பு நம் பக்கம் முடிந்தது. ஒரு மிடறு நீருக்குப் பத்தாண்டு.

அப்போராட்டத்தின் சாரம் நம் அரசமைப்புச் சட்டத்தில் 15-ஆம் விதியின் இரண்டாம் பிரிவாக அமைந்திருக்கிறது. அரசுப் பணத்தால் முழுமையாகவோ ஓரளவோ பேணப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியைக் காட்டி எவரையும் தடுத்தலாகாது என்பது அதன் பொருள். பொதுமக்கள் கூடுமிடம் என்ற சொல்லை இளைஞர்கள் மனத்தில் இருத்தவேண்டும். நம் திடல் அதுவே.

அண்ணலின் இளமையிலும் ஒரு பொதுவிடம் உண்டு. பம்பாயின் பரேல் பகுதியில், 'சால்' எனப்படும் தொழிலாளர் குடியிருப்பில், ஓர் அறை வீட்டில் அவர் வளர்ந்தார். முன்னிரவில் மகன் உறங்கத் தந்தை விழித்திருப்பாராம். நள்ளிரவுக்குப் பின் மகனைப் படிக்க எழுப்பிவிட்டுத் தாம் உறங்குவாராம். அவ்வளவு நெருக்கடி. பள்ளி விட்டதும் அம்மாணவர் சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து நூல்களைப் படிப்பது வழக்கம். அதே பூங்காவுக்கு வந்து படிக்கும் பழக்கமுடைய கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் அவரைக் கண்டு, யார் எவர் என்று விசாரித்து, நூல்கள் கொடுத்து ஊக்கினார். 1907-இல் அண்ணல் மெட்ரிக் தேறியபோது தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவர் அவர்; பின்னர் பரோடா மன்னரிடம் உதவித்தொகைக்கு வழிகாட்டியவரும் அவரே. வகுப்பறையில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட ஒரு மாணவரை வேறு பள்ளியின் ஆசிரியர் ஒருவர் சந்திக்க வேறு எந்த இடம் இருந்தது? அந்தப் பூங்காவின் வாயிலில் காவலாளி நின்று, எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டிருந்தால் என்னாவது!

இப்பொழுது அப்படிக் கேட்கிறார்கள். நம் குடியிருப்பிலிருந்து வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் சொல்வதைக் கேளுங்கள். சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய அடுக்ககங்களில் சிலவற்றில் வேலைக்காரருக்கு மின்தூக்கி தனி. பூங்கா இருக்கையில் சற்றே அமர்ந்தாலும் எழுப்பிவிடுவார்களாம். அவர்களுக்கும் திறந்தவெளி விடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். செல்வர் குடியிருப்புக்கே சட்டம் போட்டுத்தான் திறந்தவெளி பெறவேண்டியிருக்கிறது என்றால், கையில் இருப்பதை நாமே மூடுவது தகுமா?

மண்டபமும் பொதுநலம்தானே, கல்விக்குத்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வழக்கைச் சான்றாகக் கூறலாம். பெங்களூரில் ஒரு குடியிருப்புப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை மருத்துவமனை கட்டுவதற்காக ஒரு தனியார் அறக்கட்டளைக்கு வழங்கினர். அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவ்வழங்கலைச் செல்லாது என்றது. மருத்துவமனை தீமையா? இல்லை. ஆயினும் பூங்கா இருந்த இடத்தில் மருத்துவமனை வந்தால் பூங்கா போயிற்று. அது எல்லாருக்கும் உரியதாயிருந்தது என்பதே வாதம். அவர்கள் வசதி படைத்தோர். வழக்கறிஞரை அமர்த்த முடிந்தது. நம் திடலை நாமே எடுத்துக்கொண்டால் நம் மீது யார் வழக்குத் தொடுப்பார்?

மற்றொரு கணக்கும் உண்டு. வாரியத்தின் பழைய பிளாக்குகளை இடித்து மேலும் உயர்த்திக் கட்டுகிறார்கள். நம் கட்டடங்களுக்கும் அந்நாள் வரும். அன்று வரைபடத்தை விரித்து, இங்கே திறந்தவெளி இருந்தது, எம் பிள்ளைகளுக்கு அதனை விடுங்கள் என்று நாம் கேட்கவேண்டும். அங்கே மண்டபம் நின்றால் எந்த வாய் கொண்டு கேட்பது? பெரும்பாக்கத்தில் எட்டு மாடிகளாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. நகரின் நடுவிலிருந்து அங்கே பெயர்க்கப்பட்ட நம் உறவினர்களைப் போய்ப் பாருங்கள். வீடு கிடைத்தது பற்றி அவர்கள் குறை கூறவில்லை. முன்பு வாழ்ந்த சந்தின் முனையை நினைத்தே பேசுகிறார்கள். எட்டாம் மாடியில் கதவைச் சாத்தினால் அண்டை வீட்டார் பெயர்கூடத் தெரிவதில்லை என்கிறார்கள்.

திடல் இருந்தால் என்ன விளையும் என்பதற்கு வியாசர்பாடி முல்லை நகரில் கால்பந்து பழகிய பிள்ளைகளைக் கேளுங்கள். கண்ணகி நகரைப் பற்றி நாளிதழ்கள் என்னென்ன எழுதின என்பதும் அறிவீர்கள். முகவரியைச் சொன்னால் வேலை தரமறுத்த காலமும் உண்டு. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் அக்கண்ணகி நகரின் மகள் ஒருவர் ஆடினார். கபடிக்கு வேண்டியது என்ன? விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கோடு கிழிக்கச் சமமான தரை வேண்டும்.

இனி நம் குறைகளைச் சொல்லவேண்டும். சொல்லாவிடில் இவ்வுரை ஒருபக்கச் சார்பாகும். மண்டபம் கேட்போர் காட்டும் காரணங்கள் பொய்யல்ல. இரவில் அங்கே குடிக்கிறார்கள். காலையில் கண்ணாடித் துண்டு குழந்தையின் காலைக் கிழிக்கிறது. கிழக்கு ஓரத்தை வண்டிகள் அடைத்துக்கொண்டன. மேற்கு ஓரத்தில் கொடிக்கம்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம், ஏழு. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு மேடை, ஒவ்வொரு மேடைக்கும் நான்கு அடி. திடல் சுருங்கச் சுருங்க முதலில் வெளியேறியவர்கள் பெண்பிள்ளைகள். நம் பள்ளியில் ஓட்டத்தில் முதலாவதாக வரும் மாணவி ஒருத்தியிடம், மாலையில் திடலில் பயிற்சி செய்கிறாயா என்று கேட்டோம். "அண்ணன்மார் இருப்பாங்க சார், போகமாட்டேன்" என்றாள். அந்த அண்ணன்மார் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வரவில்லை; ஐந்து மணி முதல் ஆறரை வரை திடலை அவளுக்கு விட்டுத்தரக் கேட்கிறோம்.

சென்ற ஆண்டு பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பந்தாட வந்தபோது, இது எங்கள் இடம் என்று நம்மவர் சிலர் விரட்டியதையும் அறிவோம். வேறு சாதிப் பிள்ளைகள் என்பதால் விரட்டினீர்களோ, வேறு தெரு என்பதால் விரட்டினீர்களோ, அது எதுவாயினும் ஆகுக. சவுதார் குளத்துக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தச் சொல் நம் வாயில் வரலாமா? அப்பிள்ளைகளை மறுபடி அழையுங்கள். அவர்களுடைய தெருவில் நாம் தயங்காமல் நடக்கும் நாளுக்கு அதுவும் ஒரு வழி.

ஆகவே நமது வேண்டுகோள் இது. மண்டபம் வேண்டா என்று நாம் கூறவில்லை. கழகத்தின் படிப்பகம் நமக்கே உரிய மனையில் ஒற்றைத் தளமாக நிற்கிறது. அதன் சுவர் மாடியைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவரைக் கொண்டு சோதிக்கலாம். தாங்குமெனில் மேலே ஒரு கூடம் கட்டலாம். தாங்காதெனில் இடித்து இரண்டு தளமாகக் கட்டுவோம், அதுவரை இரவுப் பள்ளி பழையபடி விளக்கடியில் நடக்கட்டும். இருநூறு பேர் அமரும் மண்டபம் கிடைக்காது, எண்பது பேர் அமரலாம். பெரிய கூட்டமென்றால் திடல் இருக்கிறது. இதோ இன்று அமர்ந்திருக்கிறோமே, இந்தத் திடல்.

கட்டட நிதிக்கு ஒரு மாதச் சம்பளம் தருவதாக முன்னமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாடிக் கூடத்துக்கு அச்சீட்டு செல்லும்; திடலில் எழும் மண்டபத்துக்கு அது செல்லாது என்று செயலாளர் அவர்களிடம் இன்று காலையில் எழுதித் தந்துவிட்டோம். பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. உறுப்பினர் அனைவரும், சிறப்பாகத் தாய்மார்கள், தவறாது வந்து வாக்களிக்க வேண்டும். அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்ணாடித் துண்டு பொறுக்கக் கூடையும் துடைப்பமும் கொண்டு நாம் திடலில் இருப்போம்.