கடதாசி வந்ததா?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் ஒன்றுகூடலின்போது ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவை இரண்டையும் தேநீர் வேளையில் கேட்டுக்கொள்ளலாம். இன்று எடுத்துக்கொண்ட விடயம் வேறு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் கைக்கு நேரத்தோடு வந்து சேராத கடதாசியைப் பற்றிப் பேசப் போகிறோம். "நாங்கள்" என்று சொல்வது எங்கள் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். இந்த உரையில் பாதி அவர்கள் சொன்னது.

உயர்தரப் பெறுபேறு வெளியாகி இரண்டொரு வாரம் போனதும் எங்களைப் போன்ற வைத்தியர்களிடம் ஒரு வகை நோயாளிகள் வருவார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை. கூடவே தாய். தலைவலி, வயிற்றுப் பிரட்டு, இரவில் நித்திரை இல்லை. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இராது. தாயைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "விண்ணப்பம் போட்டாச்சா மகள்?" என்று கேட்டால் போதும், கண் நிறைந்துவிடும். "ஒரு கடதாசி இன்னும் வரல்ல டொக்டர். அம்மாவுக்குத் தெரியாது."

இது வீண் பயம் என்று தட்டிவிடக் கூடாது. எங்கள் மலையகத்துக் குடும்பங்களில் கடதாசிப் பயம் பரம்பரையாக வருவது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களிடம் அது எங்கே இருந்தது? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் மற்றவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு தவணை. 1951 ஆகஸ்டில் அது முடிந்தது. ஆரம்பத்தில் அந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்திருந்ததால் பெருந்தொகையான விண்ணப்பங்கள் கடைசிக் காலத்தில்தான் போய்ச் சேர்ந்தன. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். எங்கள் அம்மாயிமார் கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்துப் படியில் காத்திருந்த கதையைக் கேட்டு வளராதவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் தபால்காரன் மணி அடித்தால் எல்லோரும் வாசலுக்கு ஓடுவதில் என்ன ஆச்சரியம்?

இப்போது விடயத்துக்கு வருவோம். விண்ணப்பத்தில் தாமதமாகும் கடதாசி பெரும்பாலும் பிள்ளை தாமதித்தது அல்ல. அது அவள் பிறந்த வாரத்திலேயே தாமதிக்கத் தொடங்கியது.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் பிரகடனம், சாட்சி, விசாரணை என்று நீளும். இன்று வைத்தியசாலையில் பிறக்கும் பிள்ளைக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் எங்கள் தலைமுறையிலும் அதற்கு முன்னும், தோட்டத்தில் பிறந்தால் துரை கந்தோர் வழியாகத்தான் அறிவித்தல் போகும். கிளாக்கர் ஐயாவுக்கு நேரம் கிடைத்த அன்று போகும். பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்று பெயர்க் கூடு வெறுமையாகவே பதியப்பட்டதும் உண்டு. பேர் வைத்த பிறகு அதைப் போய்ச் சேர்ப்பதற்கு ஒரு நாள் வேலையை விட வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கும் "பேர்" என்றுதான் சொல்வோம். மகளின் பேரை எழுதுவிக்க அப்பா தன் பேரை இழக்க வேண்டும். அதனால் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுவார்கள்.

பேர் இருந்தாலும் தொல்லை தீர்வதில்லை. பாடசாலை இடாப்பில் லெட்சுமி. பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதியதைத் தமிழாக்கினால் லக்ஷ்மி. அடையாள அட்டையில் லட்சுமி. தகப்பனின் பெயர் ஒன்றில் முழுதாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் இருக்கும். மூன்றும் ஒருத்திதான் என்று வீட்டு நாய்க்கும் தெரியும். கந்தோருக்குச் சத்தியக்கடதாசி வேண்டும்.

இதோடு மாவட்டம் என்ற ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் அக்காமாருக்கு இது மறந்திருக்கக்கூடும், ஆகவே சொல்கிறோம். அனுமதியில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் வரை மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். கண்டி அடங்காது. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் பிள்ளை எங்கே படித்தாள் என்பதை வைத்தே மாவட்டம் தீர்மானமாகிறது. விஞ்ஞானம் படிப்பதற்காகவே ஹட்டன் பக்கமிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் கண்டிக்கு வந்து விடுதியில் தங்கிய பிள்ளைகள் எங்களோடு எத்தனை பேர் இருந்தார்கள்! அவர்களுக்குப் பழைய பாடசாலை அதிபரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். அந்த அதிபர் மாற்றலாகிப் போயிருப்பார். புதியவர் இடாப்பைத் தேடுவார். இசட் புள்ளியில் மூன்றாம் நான்காம் தசம தானத்தில் இடம் தப்பிப் போகும் நாட்டில், ஒரு கையொப்பம் எவ்வளவு பெறுமதியானது என்று நீங்களே யோசியுங்கள்.

எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு இது நடந்தது. இருவரும் அனுமதி தந்துதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஒருத்தி கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பிறப்புப் பதிவில் பெயர்க் கூடு வெறுமை. உயர்தரம் எழுதும் வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. தெரிவானதும் பதிவுக்கு மூலப் பிரதி வேண்டும் என்ற கடிதம் வந்தது. அப்பா மூன்று முறை பதிவாளர் கந்தோருக்கு நடந்தார். முதல் நாள் உத்தியோகத்தர் விடுமுறை. இரண்டாம் நாள் புத்தகம் வேறிடத்தில். மூன்றாம் நாள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு துண்டு ஒன்று கொடுத்தார்கள். கடைசித் திகதிக்கு நான்கு நாள் இருந்தது. எங்கள் வகுப்பாசிரியை மிஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் துண்டின் பிரதி, அதிபரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் சான்று மூன்றையும் சேர்த்து, சான்றிதழ் வரத் தாமதமாகும் என்று கடைசித் திகதிக்கு முன்பே எழுதிப் பதிவுத் தபாலில் போட்டார். போட்டதோடு நிற்காமல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரே போனார். தற்காலிகமாகப் பதிந்தார்கள். சான்றிதழ் வர இன்னும் ஐந்து வாரம் சென்றது. அந்தப் பிள்ளை இன்று கண்டி மாவட்டத்திலேயே ஆசிரியையாக இருக்கிறாள். இங்கேதான் எங்கோ உட்கார்ந்திருக்கிறாள்.

மற்றவளின் புள்ளி இவளைவிடக் கூட. அடையாள அட்டையில் ஒரு பேர், சான்றிதழில் ஒரு பேர். பிழை தன்னுடையது என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்குச் சொன்னால் அப்பா ஏசுவார், பாடசாலைக்குச் சொன்னால் வெட்கம் என்று எவரிடமும் வாய் திறக்கவில்லை. திருத்தம் வரட்டும், எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பலாம் என்று காத்திருந்தாள். திருத்தம் வந்தது. திகதி போய்விட்டது. விடுதியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்களுக்கே மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அவள் பிறகு வேறு வழியில் படித்து நன்றாகத்தான் இருக்கிறாள். என்றாலும் இந்த உரைக்காகத் தொலைபேசியில் பேசியபோது, இருபது வருடத்துக்கு மேல் சென்றும், அந்தத் திகதியை மாதத்தோடும் கிழமையோடும் சொன்னாள்.

இரண்டு பேருக்கும் கடதாசி பிந்தியது. ஒருத்திக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கந்தோர்களில் இருப்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சுக்காரர் அல்லர். கடதாசி பிந்தும் என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அடையாள அட்டை அச்சாகி வரச் சுணங்கிய காலங்களில், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தகவலை உறுதிப்படுத்தும் கடிதத்தை ஆட்பதிவுத் திணைக்களமே வழங்கியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்தப்பியவர்களின் கடதாசிகளும் மண்ணுக்குள் போயின. அவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கத்தான் வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவே அகப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. வழி இருக்கிறது. ஆனால் எல்லா வழிக்கும் நாள் எடுக்கும், எல்லா வழிக்கும் யாராவது போய்க் கேட்க வேண்டும். பெறுபேறு வந்த பிறகு ஆரம்பித்தால் போதாது.

சரியான வயது 15. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது அதுதான். அதிபர் மூலமாகத்தான் போகிறது. அந்த நேரத்தில் பிறப்புச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து ஓர் எழுத்து விடாமல் வாசித்தால், பிழை பத்தாம் வகுப்பிலேயே பிடிபட்டுவிடும். திருத்த நான்கு வருடம் கையில் இருக்கும். இப்போது பல்கலைக்கழக விண்ணப்பம் இணையவழி என்கிறார்கள். நல்லதுதான், வோட் பிளேசுக்குப் பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததா என்று விரல் கடிக்கும் வேலை குறைந்திருக்கிறது. ஆனால் கணினித் திரையில் தட்டும் பேரும் பழைய சிவப்புப் புத்தகத்தில் மையால் எழுதிய பேரும் ஒத்துப்போக வேண்டும் என்பது மாறவில்லை.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. கந்தோரில் எதைக் கொடுத்தாலும் துண்டு வாங்குங்கள். துண்டு இல்லையென்றால் வாங்கியவரின் பதவி, திகதி, நேரம் கொப்பியில் எழுதுங்கள். ஒரு கடதாசி வராது என்று தெரிந்தால் இருப்பவற்றோடு விண்ணப்பத்தைத் திகதிக்குள் அனுப்பி, வராததைப் பற்றி அதிலேயே கடிதம் வையுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு கைப்பேசியில் அந்த இணையத்தளத்தைத் திறந்து பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் கந்தோரில் எவரும் இல்லை. இது வைத்திய ஆலோசனை.

அக்காமாரிடம் கேட்பது இதுதான். சங்கம் நூற்றாண்டுக்காக ஒரு நினைவுக்கல் நாட்டப் போகிறது. நாட்டட்டும். அதோடு ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் இரண்டு சனிக்கிழமை, இந்த மண்டபத்தில் ஒரு மேசையும் ஒரு பிரதி எடுக்கும் இயந்திரமும் போட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சான்றிதழோடு வரட்டும். எங்களுக்குள் சமாதான நீதவான்கள் இருக்கிறார்கள், பிரதேச செயலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், சிங்களத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதக்கூடியவர்கள் நிறையப் பேர். பன்விலை, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்து அப்பாமார் மூன்று முறை கண்டிக்கு வர முடியாது. அவர்களுக்காக நாங்கள் ஒரு முறை போய்வரலாம். டொரொன்டோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் அந்த அப்பாவின் ஒரு நாள் பேரையும் பஸ் காசையும் பொறுப்பேற்கலாம்.

எங்கள் வகுப்பு முதலாம் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆறு பேர் நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். கலஹாக்காரி ஆசிரியையும் அதில் ஒருத்தி. இன்னும் பத்துப் பேராவது தேவை. தேநீர் மேசைக்குப் பக்கத்தில் செயலாளரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பேர், தொலைபேசி இலக்கம், எந்தச் சனிக்கிழமை வசதி என்று எழுதிவிட்டுப் போங்கள். பேரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதவும்.