ஆர்வமும் நோக்கமும்



ஹேவ்லாக் தீவின் துறையிற் கப்பல் அணையும்போது, வங்காளமும் இந்தியும் ஒலிக்கும் நடுவே நம் தமிழும் காதில் விழும். 2018-ஆம் ஆண்டில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்ற இத்தீவு, அதற்கு முன்னர்த் தாங்கியிருந்தது ஹென்றி ஹேவ்லாக் என்னும் ஆங்கிலத் தளபதியின் பெயரை. பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்த அவர், தம் வீரர்க்கு வேதம் விளக்கிச் செபக்கூட்டம் நடத்தியவர். 1857-இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கும் போரில் முன்னின்று, அவ்வாண்டு நவம்பரில் இலட்சுமணபுரியில் நோயுற்று இறந்தார். கிளர்ச்சியிற் பிடிபட்டோரை நாடு கடத்தவே 1858-இல் அந்தமானிற் கைதிக் குடியிருப்பு தோன்றியது. ஹேவ்லாக்கின் பக்தி மெய்யானது என்பதை நாம் ஐயுறவில்லை. ஆனால் விலங்குடன் இங்கே வந்திறங்கியவனுக்கு அவருடைய நற்செய்தி எவ்வாறு ஒலித்திருக்கும்? ஆர்வம் வேறு, அது யார் நலத்தை நாடுகிறது என்னும் நோக்கம் வேறு என்பதை இத்தீவின் பழம்பெயரே நமக்கு நினைவூட்டுகிறது.

ஆர்வம் மட்டும் போதுமெனில், மொரேவியச் சபையார் நிக்கோபாரில் பெருவெற்றி கண்டிருத்தல் வேண்டும். நம் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட அவர்கள் 1768-இல் நான்கௌரித் தீவிற் குடியேறினர். காடு வெட்டினர், காய்ச்சலில் ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். மாண்டவர் இடத்தை நிரப்பப் புதியவர் அஞ்சாது வந்தனர். எனினும் தீவினர் மொழி அவர்கட்குச் செவ்வனே கைவரவில்லை. 1787-இல் பணியைக் கைவிட்டுத் திரும்பினர். உயிரையே ஈந்தவர்களைக் குறைகூற நாம் யார்? ஆயினும் கேட்பவன் மொழியை அடையாத சொல், எத்துணை உருக்கமாயினும், வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் தமிழர் ஒருவர் அவ்வாயிற்படியைக் கடந்தார். வேதப்பன் சாலமோன் என்பது அவர் பெயர். உபதேசியாரான அவர், 1895-இல் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் அரசின் பிரதிநிதியாகவும் அமர்ந்தார். சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார், நாட்குறிப்பு எழுதினார். 1909 வரை அவர் வாழ்வு அம்மக்களோடு பிணைந்திருந்தது. ஒரு நாள் சொற்பொழிவன்று, ஆண்டுகள் பலவாய் நீண்ட அண்டைவாழ்வே அவருடைய பிரசங்கம் எனலாம்.

அப்பள்ளியிற் பயின்ற நிக்கோபார்ச் சிறுவர் ஒருவர் பின்னர் மாந்தளையிற் கல்வி கற்று, ஜான் ரிச்சர்ட்சன் என்னும் பெயருடன் ஆசிரியராய்த் தம் தீவுக்கு மீண்டார். வேதாகமத்தைத் தம் மக்கள் மொழியிற் பெயர்க்கும் பணியை மேற்கொண்டார். இளைஞர்க்குக் காற்பந்தும் கற்பித்தார். இரண்டாம் உலகப்போரில் சப்பானியர் ஆட்சியிற் சிறையுற்று, சாவின் விளிம்பிலிருந்து தப்பினார். 1950-இல் பேராயரானார். 1952-இல் இத்தீவுகளின் சார்பில் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பெற்றார். போருக்குப் பின் கார் நிக்கோபார் மக்களிற் பெரும்பாலோர் சபையிற் சேர்ந்தனர். சாலமோன் ஊன்றிய வித்து, அம்மண்ணின் மகன் கையில் அம்மண்ணின் மொழியிலேயே கதிர்விட்டது.

கடல் கடந்து வாழும் நம் வினாவும் இங்கேதான் பிறக்கிறது. ஞாயிறுதோறும் தமிழில் ஆராதனை கேட்கையில் நம் நெஞ்சு நெகிழ்கிறது. பிறந்த ஊரின் கோவில் மணி காதில் ஒலிப்பது போலிருக்கிறது. அந்நெகிழ்ச்சி தவறன்று. ஆனால் நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தி பேசி வளர்கின்றனர். பக்கத்து வீட்டார் வங்காளியர். உபதேசியார் உருகிப் பேசுகையிற் பின்வரிசைப் பிள்ளை பொருள் விளங்காது சன்னலை நோக்குமாயின், நாம் காப்பது நற்செய்தியையா, ஊர் நினைவையா?

தமிழை விடுக என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகட்குத் தமிழெழுத்தை முதலிற் கற்பிப்போம். பிறகு தமிழிற் பிரசங்கிப்போம். அண்டை வீட்டாரிடம் அவர் மொழியில் நலம் கேட்போம். நோயுற்றால் துணையாய் மருத்துவமனைக்குச் செல்வோம். கிறிஸ்தவர்க்கு மட்டுமன்று, புலம்பெயர்ந்த எவர்க்கும் இது பொருந்தும். சாலமோனும் நம்மைப்போல் அயலிடம் வந்தவரே. வந்த இடத்தின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாய் எண்ணினார். ஆதலின் அவர் சொல் அவருக்குப் பின்னும் வாழ்ந்தது.