கினோசாகியில் கழட்டிய டீ-ஷர்ட்

ஜப்பான்ல ஒரு வெந்நீர் ஊற்று ஊர்ல மூணு நாள் இருந்த கதையைத் தனி எபிசோடா சொல்றேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். இன்னைக்கு அதுதான்.

ஊர் பேரு கினோசாகி. ஹியோகோ மாகாணத்துல, ஜப்பான் கடல் பக்கம் இருக்கு. கியோட்டோல இருந்து எக்ஸ்பிரஸ் ரயில்ல ரெண்டரை மணி நேரம். ஊர் நடுவுல ஒரு சின்ன ஆறு, கரையோரம் வில்லோ மரங்கள், குட்டிக் குட்டிப் பாலங்கள். மொத்தம் ஏழு பொதுக் குளியல் இல்லங்கள். விடுதியில தங்கினா ஏழுக்கும் பாஸ் தந்துடுவாங்க. யுகாதான்னு ஒரு பருத்தி அங்கி, காலுக்கு மரச்செருப்பு, இதோடதான் ஊரே தெருவுல நடக்குது. அந்தச் செருப்பு பேரே கெத்தா! ஆனா அதைப் போட்டுக்கிட்டு நான் நடந்ததுல கெத்து எதுவும் இல்ல.

நான் போனது கழுத்து வலிக்காகவும் தூக்கம் வராததுக்காகவும். ஒரு வருஷமா ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்து எழுந்து எழுந்து, அலர்ட் வராத நாள்லயும் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. சரி, உடம்பைக் கவனிப்போம்னு கிளம்பிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். அங்க துணியே இல்லாமத்தான் குளத்துல இறங்கணும். ஆண்கள் தனி, பெண்கள் தனிதான், ஆனா ஷார்ட்ஸ் கூடக் கூடாது. நானோ, காலேஜ் டூர்ல குற்றால அருவியிலயே டீ-ஷர்ட்டைக் கழட்டாம நனைஞ்சவன். ஸ்கூல்ல பசங்க வச்ச பட்டப் பேரு ஒண்ணு இருக்கு. அதுக்கப்புறம் எந்தத் தண்ணியிலயும் சட்டையோடதான்.

அதனால முதல் நாள், விடுதிக்குள்ளயே இருந்த சின்னக் குளியலறையில கதவைப் பூட்டிக்கிட்டுக் குளிச்சேன். ராத்திரி, விடுதி நடத்துற வயசான அம்மாகிட்ட மொழிபெயர்ப்பு ஆப் வச்சுக் கேட்டேன்: "இவ்வளவு பெரிய விடுதியில குளியலறை ஏம்மா இவ்வளவு சின்னது?" அவங்க சிரிச்சாங்க. "பெருசு வெளியில இருக்கே" என்றது ஆப்.

அப்புறம் தேடிப் படிச்சேன். 1925 மே மாதம் ஒரு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் இந்த ஊரைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டன. மறுபடி கட்டி எழுப்பும்போது, 1927-ல் ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே ஊற்று நீரில் குளியல் அமைத்தது. ஊர் எதிர்த்தது. வழக்கு நீதிமன்றம் போனது. பூமிக்கடியில் இருக்கிற வெந்நீர் நிலத்துக்காரருக்குச் சொந்தமா, ஊருக்குச் சொந்தமா? இதுதான் கேள்வி. 1950-ல்தான் சமரசம் வந்தது. விடுதிகள் உள்ளே குளியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவுக்கு வரம்பு உண்டு. ஊர்க்காரங்க இன்னைக்கும் சொல்றது, ஊர் மொத்தமும் ஒரே விடுதிதான்: ரயில் நிலையம் வாசல், தெரு நடைக்கூடம், பொதுக் குளியல்தான் குளியலறை.

யோசிச்சுப் பாருங்க. ஆளுங்க அறையை விட்டு வெளியே வரணும்னு 23 வருஷம் மல்லுக்கட்டின ஊர்ல, நான் கதவைப் பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் போயிட்டேன். முதல்ல சின்ன ஸ்டூல்ல உட்கார்ந்து சோப்புப் போட்டு நல்லாக் கழுவணும். குளம் ஊறுறதுக்கு மட்டும்தான். கையில ஒரு சின்னத் துண்டு இருக்கும். நான் அதை வச்சு முன்னாடி மறைச்சபடியே தண்ணியில இறங்கினேன். எதிர்ல இருந்த பெரியவர் ஒருத்தர் உடனே கையை ஆட்டினார். அவர் நெஞ்சு நடுவுல மேலிருந்து கீழ வரைக்கும் ஆபரேஷன் தழும்பு. அவர் தலையைத் தொட்டுக் காட்டினார், மடிச்ச துண்டு அதுமேல இருந்தது. துண்டு தண்ணியில படக்கூடாதாம். நானும் எடுத்துத் தலைமேல வச்சேன். இனி மறைக்க ஒண்ணும் இல்ல. அவர் தலையாட்டிட்டுக் கண்ணை மூடிக்கிட்டார். வேற யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. தொப்பை, தழும்பு, வளைஞ்ச முதுகுன்னு எல்லா உடம்பும் அங்க இருந்தது. நான் பதினஞ்சு வருஷமா ஒளிச்சு வச்சது அங்க ஒரு செய்தியே இல்ல.

அன்னைக்கு ராத்திரி காலை ஆறு வரைக்கும் தூங்கினேன். இதுல மாயம் எதுவும் இல்ல. சூடான தண்ணியில ஏறுற உடம்புச் சூடு வெளியே வந்ததும் மெதுவா இறங்கும், அது தூக்கத்துக்கு உதவும். கழுத்து வலி? ஊர் திரும்பி லேப்டாப்பைத் திறந்ததும் வந்துடுச்சு. பழைய காலத்துல சிகிச்சைக்கு வந்தவங்க வாரக்கணக்குல தங்கினாங்க. 1913-ல ரயில்ல அடிபட்ட எழுத்தாளர் ஷிகா நவோயா இங்க தங்கினது மூணு வாரம். என்னோடது மூணு நாள் லீவு, அவ்வளவுதான்.

போறவங்களுக்கு ஒரு வார்த்தை: குடிச்சிட்டு இறங்காதீங்க, இதயப் பிரச்சினையோ ரத்த அழுத்தமோ இருந்தா முதல்ல டாக்டரைக் கேளுங்க, தலை சுத்தினா உடனே வெளியே வந்து தண்ணி குடிங்க.

போன மாசம் அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்துல முதல் தடவையா டீ-ஷர்ட் இல்லாம இறங்கினேன். காலைல அஞ்சரை மணிக்கு, யாருமே இல்லாதப்போ. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கேன், தெரியும். மீதியைத் தாண்டினதும் வந்து சொல்றேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!