கைநாட்டு



குழந்தைகளின் நடனம் முடிந்து பந்தி போடுவதற்குள் இருக்கும் இடைவெளியில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வருகிறது. அதனால் இலக்கியம் வேண்டாம். ஒரு படிவத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

என் மகள் 2011இல் ஜெர்மனியில் பிறந்தாள். ஒரு வாரத்துக்குள் மருத்துவமனையே பதிவு அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது, காப்பீட்டு அட்டை வந்தது. சில வாரங்கள் கழித்து அவள் பெயருக்கே ஒரு கடிதம். பிரித்தால் பதினொரு இலக்க வரி எண்! பால்குடி மறக்காத பிள்ளைக்கு வரி எண் கொடுக்கிற நாடு குடியுரிமையைக் கொடுக்காமலா இருக்கும் என்று நானும் என் மனைவியும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், ஒரு வயதுக்குள் வந்து சேருங்கள் என்று அம்மா போனில் பிடிவாதம். டிக்கெட் போட உட்கார்ந்தேன். குழந்தையின் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டது. அப்போதுதான் வயிற்றில் புளி கரைந்தது. குழந்தைக்குப் பத்து மாதம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் உறவுக்காரர்கள் பிள்ளைகளுக்கு மண்ணில் விழுந்தாலே குடியுரிமை கிடைத்ததைக் கேட்டுக் கேட்டு, எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அப்படி இல்லை. 2000 ஜனவரி 1 முதல்தான் வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைக்குப் பிறப்பால் ஜெர்மானியக் குடியுரிமை என்ற பேச்சே வந்தது. அதற்கும் பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டு சட்டப்படி இங்கே வசித்து, நிரந்தர வசிப்புரிமையும் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூன் 27இல் அந்த எட்டு ஐந்தானது. மகள் பிறந்தபோது நான் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஆக, அவள் ஜெர்மானியப் பிரஜை இல்லை.

சரி, அப்பா அம்மா இந்தியர், பிள்ளை தானாக இந்தியர் என்றுதானே தோன்றும்? அதுவும் இல்லை. நம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை படியுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு காலத்தில் அப்பா இந்தியராக இருந்தால் மட்டுமே குடியுரிமை. பெற்றவளின் குடியுரிமை கணக்கில் வராது. 1992 டிசம்பர் 10க்குப் பிறகுதான் அம்மாவையும் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்து 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு முடிச்சு: பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவு செய்தால்தான் பிள்ளை இந்தியக் குடி. ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். கிடைக்காது என்றில்லை, ஆனால் கோப்பு டெல்லிக்குப் போகும், நீங்கள் இங்கே காத்திருக்க வேண்டும்.

எனக்கு இரண்டு மாதம் மிச்சம் இருந்தது, தப்பித்தேன். ஆனால் வேறிடத்தில் மாட்டினேன். இங்கே பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குத் தூதரகப் பதிவு வேண்டும். எதையும் செய்யாமல் பத்து மாதம் கழித்துப் போய் நின்றால் வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மையார் என்னைத் திட்டாமல் என்ன செய்வார்?

இப்போது நம் பெயர்க் கதைக்கு வருகிறேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். அதனால் ஆபீஸிலும் வங்கியிலும் பல் டாக்டரிடமும் எல்லோரும் என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. இங்கே மகளின் மழலையர் பள்ளி டீச்சர் கூப்பிட்டார். மகளுக்கும் அதே குடும்பப் பெயர் விழுந்தது. நம் வழக்கப்படி அவள் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்து நிற்க வேண்டும். இங்கே பெயருக்குப் பின்னால் தாத்தா முழுசாக நிற்கிறார். நடுவில் இருந்த நான் காணாமல் போய்விட்டேன்.

இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. கணவர் ஆவணத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், மனைவி ஆவணத்தில் அதே பெயருக்கு வேறு எழுத்துக்கூட்டல். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து போட்டு, ஆல்பமும் வைத்திருப்பார்கள். திருமணத்தைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009இல்தான் வந்தது. பெற்றோரின் அடையாளமும் திருமணமும் உறுதியாகவில்லை என்றால், இங்குள்ள பதிவு அலுவலகம் சான்றிதழுக்குப் பதிலாக, அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்ற குறிப்போடு பதிவேட்டு நகல் ஒன்றைத்தான் தரும். ஊரில் ஆள் வைத்து ஆவணங்களைச் சரிபார்க்கச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கும். தூதரகத்தின் ஓராண்டுக் கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கும். ஆகையால், வளைகாப்பு முடிந்த கையோடு காகிதங்களைத் தேட ஆரம்பியுங்கள். தொட்டில் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பிறப்பிலேயே ஜெர்மானியக் குடியுரிமை கிடைத்த பிள்ளைகளின் வழி வேறு. இரட்டைக் குடியுரிமையை 2024 முதல் ஜெர்மனி அனுமதிக்கிறது; இந்தியா அனுமதிப்பதில்லை. அவர்களுக்கு, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை எடுப்பதே நேரான வழி. இரண்டு பாஸ்போர்ட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இந்த அரங்கில் பாதிப் பேர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். உங்களிடம் காகிதத்தின் அருமையைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டமும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதியத்தான் சொல்கிறது. அம்மா வழியில் உரிமை வந்தது 2003 திருத்தத்தில். ஆனால் எண்பதுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், தான் தப்பி ஓடிவந்த அரசின் தூதரகத்துக்குள் எப்படிக் கால் வைப்பார்? பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள், ஜெர்மன் பேசினார்கள், எந்த நாட்டுக் குடிமக்கள் பதிவேட்டிலும் ஏறாமல் வளர்ந்தார்கள். 2000இல் புதிய சட்டம் வந்தபோது, பத்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்காக அந்த ஓராண்டு மட்டும் ஒரு கதவு திறந்திருந்தது. டிசம்பர் 31இல் மூடிவிட்டார்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த ஈழத்துப் பிள்ளைகள் கதையும் இதன் மறுபக்கம்தான். 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், அந்தத் தேதிக்கு முந்தியவர் என்பதாலேயே இந்தியக் குடிமகள்தான் என்று 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தீர்ப்புப் பெற்றார். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்கள் இன்னும் முகாமில் இருக்கிறார்கள்.

என் மகள் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பத்து மாதக் குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்க வைத்து, கண் திறந்திருக்கும் ஒரு படம் எடுக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. கையெழுத்து இடத்தில் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். நானும் மனைவியும் பொறியியல் படித்தவர்கள். எங்கள் பிள்ளை தன் முதல் அரசாங்கக் காகிதத்தில் கைநாட்டு வைத்தது. மையை வாயில் வைக்கப் போனவளைப் பிடிப்பதற்குள் படிவத்தில் நாலு விரலும் பதிந்துவிட்டது. இன்னொரு படிவம் அச்செடுத்து வைத்தோம். பாழான படிவத்தை என் மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

மொட்டைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதின்மூன்று மாதம். குலதெய்வம் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை; அம்மாதான் ஒரு வாரம் பேசவில்லை.

சங்கத்திடம் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கேட்டேன், கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மைப்பெட்டி கொண்டுவந்திருக்கிறேன், வெற்றுப் படிவங்களும் இருக்கின்றன. ஈழத்து நண்பர்களுக்கு உதவ, விவரம் தெரிந்த அக்கா ஒருவர் என்னோடு உட்காருகிறார். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லோரும் வாருங்கள். பதினோராம் மாதம் நடக்கிற குழந்தையின் பெற்றோர் மட்டும் பந்திக்கு முன்பே வந்துவிடுங்கள். பாயசத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.