நகையும் மடனும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'நகை' என்னும் ஒரே சொல் அச்சாகியுள்ளது. நகைக்கடைக்காரர் எவரேனும் விழாச் செலவை ஏற்றுக்கொண்டனரோ என்று வாயிலில் ஒரு நண்பர் கேட்டார். இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் முதலாவதாக வைத்த நகையைப் பற்றியே பேச வந்துள்ளேன். ஆனால் அதற்கு நான் எடுத்துக்கொண்ட நூல் நூலன்று; ஓர் அமெரிக்கத் திரைப்படம். மூத்தோர் பொறுத்தருள வேண்டும்.

படத்தின் பெயர் 'ஒன் ஃபைன் டே'. 'ஒரு நல்ல நாள்' என்று தமிழில் சொல்லலாம். மைக்கேல் ஹாஃப்மன் இயக்கத்தில் 1996 டிசம்பரில் வெளிவந்தது. மிஷல் ஃபைஃபரும் ஜார்ஜ் குளூனியும் நடித்தது. நியூயார்க் நகரில் ஒரு நாள் காலையில் தொடங்கும் கதை, அன்று இரவே முடிந்துவிடுகிறது. மெலனி பார்க்கர் ஒரு கட்டடக் கலைஞர். கணவரைப் பிரிந்து மகனோடு வாழ்பவள். ஜாக் டெய்லர் செய்தித்தாளில் எழுதுபவன். அவனும் மணமுறிவு பெற்றவன். அவனுடைய முன்னாள் மனைவி மறுமணம் செய்துகொண்டு தேனிலவுக்குப் புறப்படும் வேளையில் மகள் மேகியை அவனிடம் விட்டுச் செல்கிறாள். அன்று பள்ளிக் குழந்தைகளுக்குப் படகுச் சுற்றுலா. இரு குழந்தைகளையும் மெலனியே அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை ஜாக் மறந்துவிடுகிறான். அவள் காத்திருக்க, அவன் தாமதிக்க, நால்வரும் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் படகு புறப்பட்டுவிடுகிறது.

அவ்வளவுதான் கதை. மற்றவை யாவும் அந்தப் படகு போனதால் விளைந்தவை. அவளுக்கு அன்று முக்கியமான வாடிக்கையாளர் முன் தன் வடிவமைப்பை விளக்கியாக வேண்டும். அவனுக்கோ, நகரத் தந்தையின் ஊழலைப் பற்றித் தான் எழுதிய செய்திக்குச் சான்று தேடியாக வேண்டும். இருவர் கையிலும் ஒவ்வொரு குழந்தை. போதாக்குறைக்கு இருவருடைய கைப்பேசிகளும் இடம் மாறிவிடுகின்றன. ஒருவர் குழந்தையை மற்றவர் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதென்று வேண்டாவெறுப்பாக உடன்பாடு செய்துகொள்கின்றனர். பையன் மூக்கில் கோலிக்குண்டைப் போட்டுக்கொள்கிறான். பெண் எங்கோ நழுவிப் போய்க் காவல்துறை வரை செய்தி போகிறது. பையன் பெயர் சாம்மி. நம் வீட்டுப் பிள்ளைகளைக் கைகூப்பி, 'சாமி, கொஞ்சம் சும்மா இரப்பா' என்று நாம் மன்றாடும்போது வருகிற பெயர்தான்.

இனி இலக்கணத்திற்கு வருகிறேன். நகை தோன்றும் களங்கள் நான்கு என்பார் தொல்காப்பியர்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். படம் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்நான்கும் வரிசையாக வந்து நின்றதைக் கண்டு வியந்தேன். இளமைக்குக் குழந்தைகள். பேதைமைக்கு ஜாக், பொறுப்பென்பது என்னவென்றே அறியாமல் சிரித்த முகத்தோடு வளைய வருபவன். மடனுக்கு மெலனி.

இளமையைப் பற்றி ஒரு சொல். அலுவலகத்தில் சாம்மி பொம்மைக் கார்களை உருட்டி விளையாடுகிறான். மெலனி அதில் இடறி விழ, பல நாள் உழைத்துச் செய்த கட்டட மாதிரி நொறுங்குகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர் உருட்டல். நம் புலவர் பெருமக்கள் அத்தேரின் அழகைப் பாடினர். அதில் கால் வைத்து விழுந்தவள் யார் என்று எவரும் பாடவில்லை. அறிவுடை நம்பியின் புறப்பாட்டில் குழந்தை நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்வதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நெகிழ்ந்து நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி, "யாரம்மா துடைச்சுவிட்டாங்க?" என்று கேட்டாள். பாடியவன் பாண்டிய மன்னன் என்பதைத்தான் அவளுக்கு விடையாகச் சொல்ல முடிந்தது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் பள்ளிக்குப் புறப்படும் பருவம் இல்லை. காலை ஏழரை மணிக்கு ஒற்றைக் காலுறையைத் தேடும் பருவத்தைப் பாட இங்கிருக்கும் கவிஞர்களுக்கு இடம் காலியாகவே உள்ளது.

மடனுக்கு வருவோம். பேதைமை வேறு, மடன் வேறு. பேதைமை அறியாமை. மடன் என்பது பிறர் கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என உரையாசிரியர்கள் விளக்குவர். மெலனி எதைக் கொண்டாள்? எல்லாவற்றையும் தனியாகவே செய்து முடிக்க வேண்டும், யாரிடமும் உதவி கேட்கலாகாது, தாய் என்பது அலுவலகத்தில் தெரியலாகாது என்பதை. அவளுடைய கைப்பை ஓர் அமுதசுரபி. குழந்தைகள் காப்பகத்தில் மாறுவேட நாள் என்றறிந்ததும் அந்தப் பையிலிருந்தே வேடங்களைப் புனைந்துவிடுகிறாள். அரங்கு சிரிக்கிறது, நானும் சிரித்தேன். ஆயினும் அந்தப் பையின் கனம் எனக்குத் தெரியும்.

இதே மடன் என்னும் சொல்லைத் தொல்காப்பியர் களவியலில் அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்துப் பெண்ணின் இயல்பாகவும் வைத்துள்ளார். அங்கே பெண்ணுக்கு அணி. இங்கே நகைக்குக் களம். இரண்டும் ஒரே சொல் என்பது முனைவர் பட்டத்திற்கு இலக்கணம் படித்த எனக்கு இத்தனை ஆண்டுகளாக உறைக்கவில்லை. ஒரு குடும்ப நகைச்சுவைப் படம் அதை உறைக்கச் செய்தது.

படத்தின் இறுதிப் பகுதியில், வாடிக்கையாளரோடு அமர்ந்திருக்கும் நேரத்தில், மகனுடைய கால்பந்தாட்டத்திற்குப் போக வேண்டும் என்று சொல்லி மெலனி எழுந்துவிடுகிறாள். மடன் விட்ட கணம் அது. அதற்கு மேல் படம் அவளுக்கு எளிதாகவே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுகிறது. காலையில் சண்டையிட்டவர்கள் இரவில் காதலர்கள். அதை நான் நம்பவில்லை. ஆனால் கடைசிக் காட்சியை நம்புகிறேன்: அவள் முகம் கழுவித் திரும்புவதற்குள் அவன் சோபாவில் உறங்கிவிடுகிறான், அவளும் அருகில் சாய்ந்து உறங்கிப்போகிறாள். காதற் காட்சிகளில் இத்துணை உண்மையானது வேறொன்றை நான் கண்டதில்லை.

எள்ளல் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு நான் படத்தைவிட்டு இந்த மன்றத்திற்கு வரவேண்டும்.

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, 'அகப்பாடல்களில் நற்றாய்' என்னும் பொருளில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். நாற்பது நிமிடம் தாமதமாக வந்தேன். பேருந்து கிடைக்கவில்லை என்றேன். தலைவர் பெருந்தன்மையோடு கவிதை வாசிக்கச் செய்து நேரத்தை ஓட்டியிருந்தார்.

பேருந்து கிடைத்தது. அன்று பள்ளி அரை நாள். மகனை அழைத்து வரவேண்டியவர் என் கணவர் என்று நானும், நான் என்று அவரும் எண்ணியிருந்தோம். முதல் வகுப்புப் படித்த பிள்ளை, மதியம் முதல் மாலை ஐந்து மணி வரை காவலாளியின் பலகையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெரியவர் தம் பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்திருந்தார். நேரே இங்கே அழைத்து வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்து, 'அம்மா என்று கூப்பிடக் கூடாது' என்று சொல்லிவிட்டு மேடையேறினேன். மகளைப் பிரிந்த நற்றாயின் புலம்பலை நான் உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்த இடத்தில், "அம்மா, வாட்ச்மேன் தாத்தா குடுத்த பன்ன இங்க தின்னலாமா?" என்று குரல் வந்தது. அவை முழுதும் சிரித்தது. எந்தத் தாத்தா, என்ன பன் என்று எவரும் கேட்கவில்லை. நானும் சிரித்தேன். பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் என்று எள்ளலுக்குப் பேராசிரியர் காட்டும் இரண்டாம் வகை அது.

சென்ற கோடை விடுமுறையில் தொலைக்காட்சியில் இப்படத்தை அவனோடு பார்த்தேன். கார் இடறிய காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தவன், விளம்பர இடைவேளையில் திரும்பி, "அன்னைக்கி நீங்க ஏம்மா பஸ் வரலேன்னு சொன்னீங்க?" என்று கேட்டான். ஏழாண்டுகள் நினைவில் வைத்திருந்திருக்கிறான்.

மலர்க் குழுவினர் பழைய குறிப்பேடுகளைப் பார்க்கத் தந்தனர். மூன்றாம் ஆண்டுக் குறிப்பேட்டில், 'பேருந்துத் தாமதம் காரணமாகக் கூட்டம் நாற்பது நிமிடம் பிந்தித் தொடங்கியது' என்று அழகிய கையெழுத்தில் எழுதியுள்ளது. செயலாளர் அவர்கள் அதனை அடித்து, 'மகனைப் பள்ளியில் மறந்தமையால்' என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அவன் இப்போது எட்டாம் வகுப்பு. வெளியே மிதிவண்டியோடு எனக்காகக் காத்திருக்கிறான்.