எண்ணறிவும் இயற்கணிதமும்

(இடைநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

பள்ளிப் படிப்பின் முதல் பத்து ஆண்டுகளிலும் கணிதம் அனைவருக்கும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் என்று 1964-66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது. இன்று பத்தாம் வகுப்பு வரை கணிதம் பொதுப் பாடமாக நிலைபெற்றுள்ளது. ஆயினும், கட்டாயமான பாடம் அனைவருக்கும் கைவந்த பாடமாகிவிடவில்லை. 'ஏசர்' எனப்படும் கல்வி நிலை அறிக்கைக்காக 2023ஆம் ஆண்டில் 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளோர் ஆராயப்பெற்றனர். மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 விழுக்காட்டினரே.

அவ்வயதில்தான் மாணவர் சமன்பாடுகளையும் பல்லுறுப்புக் கோவைகளையும் எதிர்கொள்கின்றனர். இயற்கணிதம் புரியவில்லை என்று கூறும் மாணவருள் பலருக்கு உண்மையில் புரியாதது எண் கணிதமே. நோயின் இருப்பிடம் அறியாமல் செய்யும் மருத்துவம் பயன் தருவதில்லை.

விதைக் கணிதம்

இந்தியக் கணித மரபில் இவ்விரண்டும் தொடர்பற்ற துறைகளாக நின்றதில்லை. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தம் மிகை எண்களைச் செல்வம் என்றும் குறை எண்களைக் கடன் என்றும் வழங்கி, அவற்றின் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை வகுத்தது. 5 − (−3) = 8 என்பது மாணவருக்கு மாயமாகத் தோன்றலாம். ஐந்து ரூபாய் மதிப்புடைய ஒருவரது மூன்று ரூபாய்க் கடன் நீக்கப்பட்டால் அவர் நிலை மூன்று ரூபாய் உயர்கிறது என்று கூறின் மாயம் தெளிகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் நூலுக்கு இட்ட பெயர் பீஜ கணிதம். பீஜம் என்பது விதை. அறியா எண்களுக்குக் கருமை, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயர்களை இட்டு வழங்குவது அம்மரபு. பெயர் எதுவாயினும், அது குறிப்பது ஓர் எண்ணையே. இன்றைய வகுப்பறையில் முதலில் தெளிவாக வேண்டியதும் இதுவே.

பிழைகள் உணர்த்துவன

மாணவர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் கவனக் குறைவால் நேர்வன அல்ல. அவற்றின் பின்னே ஒரு தவறான கருத்து உண்டு. 8 + 4 = □ + 5 எனக் கொடுத்தால் கட்டத்தில் 12 என்று எழுதுவோர் பலர். அவர்களுக்குச் சமக்குறி என்பது 'விடையை எழுதுக' என்னும் ஆணை. இருபுறமும் ஒரே மதிப்பு என்னும் கூற்று அன்று. இக்கருத்துடன் எட்டாம் வகுப்பிற்கு வரும் மாணவருக்குச் சமன்பாடு எவ்வாறு விளங்கும்?

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்தவர் 3க = 12 என்பதிலிருந்து க = 12 − 3 = 9 என்று எழுதுகிறார். தராசின் இரு தட்டுகளிலும் ஒரே செயலைச் செய்தல் என்னும் கருத்தைப் பெற்றவர், இருபுறத்தையும் 3ஆல் வகுத்து 4 என்று காண்பார். 3க + 5 என்பதை 8க என்று சுருக்குவதும் இத்தகையதே. 'மூன்று கத்தரிக்காய், இரண்டு கத்தரிக்காய்' என்று தொடக்கத்தில் சொல்லிக் கொடுப்பது எளிதாகத் தோன்றினும், எழுத்து பொருளைக் குறிக்கிறது என்னும் மயக்கத்தை அது விளைவிக்கிறது. 3க என்பது மூன்று கத்தரிக்காய் அன்று. ஏதோ ஓர் எண்ணின் மும்மடங்கு. க = 2 எனக் கொண்டால் 3க + 5 என்பது 11; 8க என்பது 16. எண்ணை இட்டுச் சோதிக்கும் இப்பழக்கம் ஒன்றே பல பிழைகளைக் களையும்.

எண்ணிலிருந்து எழுத்திற்கு

மனக் கணக்கு இயற்கணிதத்தின் நாற்றங்கால். 99 × 47 என்பதை 4700 − 47 = 4653 என்று காணும் மாணவர் பங்கீட்டுப் பண்பைக் கையாள்கிறார். 98 × 102 என்பதை 10000 − 4 = 9996 என்று கண்டவருக்கு (க − ச)(க + ச) = க² − ச² என்பது புதிய வாய்பாடு அன்று; தாம் செய்ததன் பொது வடிவம். முதலில் பல எண்கள், பின்னர் மாணவரின் சொந்தச் சொற்களில் விதி, அதன் பின்னரே எழுத்து என்பது பயன்தரும் வரிசை.

2006இல் வெளிவந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் ஆறாம் வகுப்புப் பாடநூல் தீக்குச்சி அமைப்புகளைக் கொண்டு இயற்கணிதத்தைத் தொடங்கியது. அடுத்தடுத்து ஒட்டிய சதுரங்களைக் குச்சிகளால் அமைத்தால் 4, 7, 10 எனக் குச்சிகள் தேவைப்படும். க சதுரங்களுக்கு ஒரு மாணவர் 4 + 3(க − 1) என்பார்; மற்றொருவர் 1 + 3க என்பார். இரண்டும் ஒன்றே எனக் காட்டும் தேவை எழும்போதுதான் 'சுருக்குக' என்னும் சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது.

நிர்வாகத்தின் பொறுப்பு

2021இல் தொடங்கப்பட்ட 'நிபுண் பாரத்' இயக்கம் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் அடிப்படை எண்ணறிவை உறுதி செய்ய முனைகிறது. ஆனால் அதற்கு முன்பே மூன்றாம் வகுப்பைக் கடந்தவர்களின் குறையை உயர்நிலைப் பள்ளிகளே நீக்கியாக வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்விற்குக் கணிதத்தில் இரு நிலைத் தாள்களைக் கொணர்ந்தது. எளிய தாள் தேர்வுச் சுமையைக் குறைக்கலாம். எண்ணறிவை அது தந்துவிடாது.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளின் தொடக்கத்தில் பின்னம், குறை எண், வகுத்தல் ஆகியவற்றைச் சோதித்தறிந்து, அவற்றைச் செப்பனிடச் சில வாரங்களை ஒதுக்குதல் வேண்டும். அவ்வாரங்களைப் 'பாடம் நடத்தாத காலம்' என்று ஆய்வு அலுவலர்கள் கணக்கிடலாகாது. விடையை மட்டுமன்றிக் காரணத்தையும் கேட்கும் வினாக்கள் தேர்வில் இடம்பெறுதல் வேண்டும். பாடப் பகுதி முடிந்ததா என்பதைவிட, மாணவர் எங்கே நின்றுவிட்டார் என்று கேட்பதே ஆய்வின் முதற் பணியாதல் நலம். அந்த இடத்திலிருந்து கற்பித்தலைத் தொடங்கும் உரிமை ஆசிரியருக்குக் கிடைக்குமாயின், பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கப்பட்ட கணிதம் அனைவருக்கும் உரிய கணிதமாகும்.